விடுதியைப் புதுப்பிப்பது யாருக்காக?

(சேலம் - நாமக்கல் பகுதி ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



ஷிப்டு முடித்து நேராக வந்திருக்கிறீர்கள். கிழங்குக் காட்டிலிருந்து மண் காலோடு வந்திருக்கிறீர்கள். இன்றைக்குக் கூலியைப் பற்றியோ, நூறு நாள் வேலையைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் நாம் பேசப் போவது கல்லூரி மாணவர் விடுதியைப் பற்றி. பழைய விடுதிக் கட்டடங்களை எப்படிப் பழுது பார்ப்பது, யாருக்காகப் பழுது பார்ப்பது என்பதைப் பற்றி.

கூட்டம் துவங்குமுன் ஒரு தோழர் கேட்டார்: "கல்லூரி வாசல்படியை மிதிக்காத நமக்கு விடுதிச் சுவரோடு என்ன பேச்சு?" நியாயமான கேள்விதான். பேசுகிற நாமும் பத்தாம் வகுப்போடு நின்றவர்களே. ஆனால் நமது பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். எங்கே தங்கிப் போகிறார்கள்? பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஊரில் வீடு இருக்கிறது, வண்டி இருக்கிறது, தனி அறைக்கு வாடகை கொடுக்க அப்பன் இருக்கிறான். சேகோ பேக்டரியில் கிழங்கு உரிக்கிற தாயின் பிள்ளைக்கு விடுதியை விட்டால் வேறு கதி கிடையாது. அவனுக்கு அதுதான் சோறு, அதுதான் விளக்கு, அதுதான் படிக்கிற மேஜை. எனவே விடுதி நமது பிரச்னை.

ஒரு தாயின் கேள்வி

சென்ற வருஷம் நம்முடைய பகுதியில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லுகிறோம். கல்லூரியின் பேரும் வேண்டாம், பிள்ளையின் பேரும் வேண்டாம்.

அந்தப் பையன் அந்தக் குடும்பத்தில் முதல் முதலாகக் கல்லூரிக்குப் போனவன். தகப்பனார் விசைத்தறி ஓட்டி, காது மந்தமாகிப் போனவர். தாய் கூலி வேலை. பையன் தங்கியிருந்த விடுதி பழைய கட்டடம். மழை பெய்தால் ஒழுகும், சுவர் ஓதம் ஏறிப் பூத்துக் கிடக்கும். பழுது பார்க்க வேண்டும் என்று மாணவர்களே பலமுறை மனு கொடுத்தவர்கள். கடைசியில் ஒரு நாள் அறிவிப்பு ஒட்டினார்கள்: விடுதி பழுது பார்க்கப்படுகிறது, மூன்று மாதத்துக்கு எல்லோரும் காலி செய்ய வேண்டும். மாற்று இடம் எது என்று அறிவிப்பில் ஒரு வரி கூட இல்லை.

பையன் ஊருக்கு வந்தான். காலை ஐந்தரைக்குக் கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போய், இரவு எட்டரைக்குத் திரும்பினான். பஸ்ஸுக்குப் பாஸ் உண்டு. போகிற நேரத்துக்கும், இராத தூக்கத்துக்கும், விடுதியில் கிடைத்த மூன்று வேளைச் சோற்றுக்கும் பாஸ் கிடையாதல்லவா? மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று. ஆறாவது மாதம் அவன் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டப் போய்விட்டான்.

நாங்கள் வீட்டுக்குப் போனபோது அந்தத் தாய் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க தோழர், சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கறதுக்கு என்ற பையன் ஏனுங்க படிப்ப உடோணும்?"

தோழர்களே! எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இன்றைய பேச்சு.

கல்கத்தாவில் ஒரு விடுதி

இது நம்முடைய ஊருக்கு மட்டும் வந்த வினை அல்ல. கல்கத்தாவிலே பிரஸிடென்ஸி கல்லூரி என்று பிரசித்தி பெற்ற கல்லூரி இருக்கிறது. 2010ம் வருஷம் முதல் அது பல்கலைக்கழகம். அதற்குச் சொந்தமான பழைய விடுதிக்கு ஈடன் இந்து விடுதி என்று பெயர். 1886ல் ஏற்பட்டது. ஈடன் என்பது வங்காளத்தை ஆண்ட ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயர். நாடு சுதந்திரமடைந்து முதல் குடியரசுத் தலைவரான ராஜேந்திர பிரசாத், பீகாரிலிருந்து படிக்க வந்த காலத்தில் அங்கேதான் தங்கினார்.

அதே விடுதிக்கு 1911ல் இன்னொரு மாணவர் வந்தார். பெயர் மேகநாத் சாஹா. டாக்கா ஜில்லாவில் ஒரு கிராமத்து மளிகைக் கடைக்காரரின் பிள்ளை. தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட குடும்பம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, 1905ல், வெள்ளைக்கார கவர்னரின் வருகையைப் பகிஷ்கரித்ததற்காக உபகாரச் சம்பளத்தை இழந்தவர். கெட்டிக்கார மாணவர். ஆனால் விடுதியில் என்ன நடந்தது? மேல்சாதி மாணவர்கள் சிலர் அவரோடு ஒரே சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். சரஸ்வதி பூஜையில் அவர் கலந்துகொள்வதையும் ஆட்சேபித்தார்கள். கல்விக்குத் தெய்வம் என்று கும்பிடுகிற இடத்தில் கல்வியில் சிறந்து நின்றவனுக்கு இடமில்லை! சாஹா பின்னர் விடுதியை விட்டு வெளியேறி, காலேஜ் தெருவிலே ஒரு மெஸ்ஸில் நண்பர்களோடு தங்கிப் படித்தார்.

அவர் பிற்காலத்தில் என்ன ஆனார்? நட்சத்திரங்களின் ஒளியைக் கொண்டே அவற்றின் வெப்பத்தைக் கணக்கிட உதவும் சூத்திரத்தை 1920ல் கண்டு சொன்னார். உலகத்து விஞ்ஞானிகள் எல்லாம் இன்றும் சாஹா சூத்திரம் என்றே அதை அழைக்கிறார்கள். 1952ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் சுயேச்சையாக நின்று, கல்கத்தாவிலிருந்து பார்லிமெண்டுக்கும் போனார்.

இந்தக் கதையை ஏன் சொல்லுகிறோம்? அந்த விடுதியின் சுவர் உறுதியாகத்தான் இருந்தது. ஏற்பட்டு ஏறத்தாழ இருபத்தைந்து வருஷமே ஆன விடுதி. கூரை ஒழுகவில்லை. ஆனாலும் சாஹாவுக்கு அங்கே நிம்மதியாக ஒரு வேளைச் சோறு இல்லை. ஆகவே விடுதி நல்ல விடுதியா என்பதற்குச் செங்கல்லை மட்டும் பார்த்தால் போதாது. பந்தியையும் பார்க்க வேண்டும்.

மூன்று வருஷப் பூட்டு

இனி, பழுது பார்த்த கதைக்கு வருவோம். நூற்றிருபத்தைந்து வருஷத்துக்கு மேலான கட்டடம் அல்லவா? பழுது அவசியம்தான். 2015ல் விடுதியைப் பூட்டினார்கள். மாணவர்களை ஊருக்கு வெளியே, ராஜார்ஹாட் பக்கம் புதிய நகர்ப்பகுதியில் கொண்டுபோய்த் தங்க வைத்தார்கள். சீக்கிரமே திரும்பி வந்துவிடலாம் என்ற நம்பிக்கையில் பிள்ளைகள் போனார்கள்.

ஒரு வருஷம் போயிற்று. இரண்டு வருஷம் போயிற்று. மூன்று வருஷமும் போயிற்று. மூன்று வருஷம் என்றால், தோழர்களே, பட்டப்படிப்பின் முழுக் காலம்! பழுது துவங்கும்போது சேர்ந்த பிள்ளை, பழுது முடிவதற்குள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அந்த விடுதியின் ஒரு கதவை அவன் திறந்து பார்க்கவே இல்லை.

2018 ஆகஸ்டில் மாணவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். "எங்கள் விடுதியைத் திறக்கும்வரை கல்லூரியே எங்கள் விடுதி" என்ற விதமாகப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்து கல்லூரி வளாகத்திலேயே தங்கினார்கள். செப்டம்பரில் பட்டமளிப்பு விழா வந்தது. மாணவர்கள் வாசலைப் பூட்டினார்கள். விழாவைக் கல்லூரியில் நடத்த முடியாமல் நந்தன் என்கிற கலையரங்கத்துக்குக் கொண்டுபோய் நடத்த வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகே விடுதியின் ஒரு பகுதி திறந்தது. மீதிப் பகுதிக்காக 2020லும் பிள்ளைகள் போராட வேண்டியிருந்தது.

இதிலிருந்து நமக்குப் பாடம் என்ன? பழுது பார்ப்பதை அந்த மாணவர்கள் எதிர்க்கவில்லை. பழைய கட்டடம் நிற்க வேண்டும் என்பதில் அவர்களுக்கும் அக்கறை உண்டு. கெடு இல்லாத பழுதைத்தான் எதிர்த்தார்கள். ஆலையில் கதவடைப்பு என்றால் நமக்குத் தெரியும். "மிஷின் பழுது" என்று போர்டு மாட்டி, ஆறு மாதம் கழித்து ஆளைக் குறைத்துத் திறப்பதும் நமக்குத் தெரியும். விடுதியிலும் அதே கதை நடக்கக் கூடாது என்பதுதான் விஷயம்.

தமிழகத்து அனுபவம்

நமது மாகாணத்திலும் விடுதி என்பது சும்மா கிடைத்த பொருள் அல்ல. 1916ல் சென்னை திருவல்லிக்கேணியில் டாக்டர் நடேச முதலியார் திராவிடர் இல்லம் என்று ஒரு விடுதி நடத்தினார். ஏன்? வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குத் தங்க இடமும், இழிவில்லாத சாப்பாடும் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. மகாராஷ்டிரத்தில் டாக்டர் அம்பேத்கரும் அவரது தோழர்களும் 1924ல் ஸ்தாபனம் துவக்கியபோது முதலில் கையிலெடுத்த வேலைகளில் ஒன்று சோலாப்பூரில் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு விடுதி திறந்தது. பள்ளிக்கூடம் இருந்தால் மட்டும் போதாது, இரவு தலைசாய்க்க ஒரு திண்ணை வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சென்னை சைதாப்பேட்டையில் தாழ்த்தப்பட்டோரின் தலைவர் எம்.சி.ராஜாவின் பெயரில் கல்லூரி மாணவர் விடுதி இருக்கிறது. அந்த வளாகத்தில் 2025 ஏப்ரலில் பத்து மாடிப் புதுக் கட்டடம் திறந்தார்கள். ஏறத்தாழ ஐந்நூறு மாணவர் தங்கலாம். நல்லது, வரவேற்கிறோம். அதே வருஷம் ஜூலையில் சர்க்கார் நடத்துகிற ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்பட்டோர், மிகப் பிற்பட்டோர், சிறுபான்மையோர் விடுதிகளெல்லாம் இனி சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. வாசல் போர்டில் சாதிப் பெயர் போவது நல்ல காரியமே. ஆனால் மாநிலம் முழுவதும் இந்த விடுதிகள் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. தலைநகரத்தில் பத்து மாடி எழும்புவது போல, நமது ஒன்றியத்திலும் கக்கூஸுக்குக் கதவும், குழாயில் தண்ணீரும், கூரைக்கு உறுதியும் வந்தாக வேண்டும். பெயர் மாற்றம் முழுமை பெறுவது அன்றைக்குத்தான்.

இடிப்பதா, காப்பதா?

"பழைய கட்டடம், இடித்துத் தள்ளிப் புதிதாகக் கட்டிவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். காண்டிராக்டர்களுக்கு அந்த யோசனை மிகவும் பிடிக்கும். நாம் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். இந்த விஷயத்தில் நமக்கு அறிவு இல்லாமல் இல்லை. கட்டடம் கட்டியவர்கள் நாமே அல்லவா?

நூறு வருஷத்துக்கு முந்திய கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். நமது சங்ககிரிப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லை நீங்கள் அறிவீர்கள். கல்லைச் சூளையில் சுட்டு, தண்ணீரில் நீற்றி, மணலோடு கலந்து செக்கில் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பூசினார்கள். சுவர் இரண்டடி கனம். மேல்தளம் மெட்ராஸ் டெரஸ்: உத்திரத்தின் மேல் மரக்கட்டை, அதன் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தவைத்து வரிசை, அதற்கும் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். அந்தத் தளத்தைச் சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கினார்கள். கவர்னர் வந்து திறந்து வைத்தார் என்று கல்வெட்டு இருக்கும். தட்டிய பெண்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இருக்காது.

இந்தக் கட்டடங்களுக்கு எது எமன்? பெரும்பாலும் தண்ணீர்தான். மழைநீர்க் குழாய் அடைத்துக்கொள்கிறது. தளத்தில் தேங்கிய நீர் சுவருக்குள் இறங்குகிறது. சுவருக்குள் புதைந்திருக்கிற உத்திரத்தின் முனை உளுத்துப் போகிறது. வெடிப்பில் அரசங்கன்று முளைக்கிறது. முளைத்த அன்றே பிடுங்கினால் விரலால் முடியும்; பத்து வருஷம் விட்டால் சுவரையே பிளக்கும். ஆக, கட்டடம் கிழடானதால் மட்டும் விழுவதில்லை. வருஷா வருஷம் செய்ய வேண்டிய சின்ன வேலையைச் செய்யாததால் விழுகிறது.

பிறகு அவசரமாகப் பழுது பார்க்கிறார்கள். எப்படி? பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டைப் பூசி, பளபளவென்று பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். திறப்பு விழாப் படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடுகிற சுவர். உள்ளே ஏறிய ஈரம் பூச்சு வழியாக வெளியேறி உலர்ந்துவிடும். சிமெண்டுப் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லைத் தின்னுகிறது. சில மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். மறுபடியும் டெண்டர், மறுபடியும் பூட்டு, மறுபடியும் பிள்ளைகள் வீதியில்!

எல்லாப் பழைய கட்டடத்தையும் காத்தே தீர வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடிக்கவில்லை. நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன் கான்கிரீட்டில் கட்டிய விடுதிகள் பல, உள்ளே கம்பி துருப்பிடித்து, துரு உப்பி, கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு கொட்டுகின்றன. பிள்ளையின் தலையில் விழக் காத்திருக்கிற கூரையை வைத்துக்கொண்டு பழம்பெருமை பேசக் கூடாது. பொறியாளர் பரிசோதித்து, ஆபத்து என்றால் இடிக்கட்டும். ஆனால் நன்றாக நிற்கிற இரண்டடிச் சுவரை, காண்டிராக்டுக்காக இடிக்க விடக் கூடாது. எது இடிக்க வேண்டியது, எது காக்க வேண்டியது என்ற அறிக்கையை மாணவர்களும் பெற்றோரும் படிக்கும்படி தமிழில் ஒட்ட வேண்டும்.

நமது கோரிக்கைகள்

அந்தத் தாயின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்காக எந்தப் பிள்ளையும் படிப்பை விட வேண்டியதில்லை. விடாமல் செய்ய முடியும். அதற்கு நாம் கேட்பவை இவை:

ஒன்று. விடுதியைக் காலி செய்யச் சொல்லுமுன், மாற்று இடம் எது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அது கல்லூரிக்கு நடந்து போகிற தூரத்தில், சாப்பாட்டோடு இருக்க வேண்டும்.

இரண்டு. முழு விடுதியையும் ஒரே நாளில் பூட்டக் கூடாது. ஒரு பகுதியைப் பழுது பார்க்கும்போது மறு பகுதியில் பிள்ளைகள் தங்க, பகுதி பகுதியாக வேலை நடக்க வேண்டும். பெரிய வேலையைக் கோடை விடுமுறையில் செய்ய வேண்டும்.

மூன்று. வேலை முடியும் தேதி வாசலில் எழுதி ஒட்டப்பட வேண்டும். தாமதமானால் காரணம் சொல்ல வேண்டும்.

நான்கு. வெளியே போன ஒவ்வொரு பிள்ளைக்கும் திரும்பி வரும் உரிமை வேண்டும். புதுப் பெயிண்டைக் காட்டிக் கட்டணம் கூட்டக் கூடாது. இடங்களைக் குறைக்கவும் கூடாது. பந்தியிலோ, அறை ஒதுக்குவதிலோ சாதி பார்க்கிற வழக்கம் எங்கே ஒளிந்திருந்தாலும் அதையும் பழுதோடு பழுதாக இடித்துத் தள்ள வேண்டும்.

ஐந்து. மாணவர், பெற்றோர், கட்டடத் தொழிலாளர் பிரதிநிதிகள் கொண்ட கமிட்டி வேலையைப் பார்வையிட வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த பழைய கொத்தனார்கள் அருகி வருகிறார்கள். அவர்களை அழைத்து, நியாயமான கூலி கொடுத்து, இளைஞர்களுக்கும் அந்த வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். சித்தாளுக்கும் சம வேலைக்குச் சம கூலி வேண்டும்.

இதில் எது செய்ய முடியாதது? நிலாவைப் பிடித்துத் தரச் சொல்லவில்லையே! ஒரு வீட்டில் கூரை மாற்றும்போது குழந்தையை மழையில் நிறுத்திவிட்டா ஓடு வேய்கிறோம்? பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுக்க வைத்துவிட்டுத்தானே ஏணியில் ஏறுகிறோம்? நாம் ஓலைக் குடிசையில் கடைப்பிடிக்கிற இந்தச் சாதாரண புத்தியைத்தான் சர்க்காரும் கல்லூரிகளும் கடைப்பிடிக்கச் சொல்லுகிறோம்.

தோழர்களே! வருகிற திங்கட்கிழமை இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம். ஷிப்டு உள்ளவர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஷிப்டு இல்லாதவர்கள் நேரில் வாருங்கள். கொத்தனார் தோழர்கள் அவசியம் வாருங்கள். சுவரைப் பற்றிப் பேசும்போது சுவர் கட்டினவன் பக்கத்தில் இருக்க வேண்டும். மாணவர்கள் உங்களோடு வருகிறார்கள்.

அந்தத் தாயும் வருகிறார். பையனைப் பற்றிக் கேட்டோம். "புத்தகத்தயெல்லாம் மூட்ட கட்டி அட்டாலில வெச்சிருக்கறானுங்க. எடைக்குப் போடறேன்னதுக்கு வேண்டாம்னுட்டானுங்க" என்று சொன்னார்.

அந்த மூட்டை அவிழ வேண்டும். விட்ட இடத்திலிருந்து அவனை மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் மனுவில் ஆறாவது கோரிக்கையாகச் சேர்த்திருக்கிறோம். அவனைப் போல எத்தனை பேர் தறியிலும், கோழிப் பண்ணையிலும், ரிக் வண்டியிலும் இருக்கிறார்கள் என்று உங்கள் ஊரில் விசாரித்து, திங்கட்கிழமை வரும்போது எழுதிக்கொண்டு வாருங்கள். பழுது பார்த்த விடுதியில் முதல் விளக்கு அவர்கள் படிப்பதற்காக எரியட்டும்!